பழைய ஸ்லாப் மலிவா? சீட்டில் இருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் காசும்

சென்னையில் எந்த நாணயக் கண்காட்சிக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "பழைய ஸ்லாப் சார். அந்தக் காலத்துல கறாரா மார்க் போட்டிருக்காங்க. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்." ஸ்லாப் என்பது, காசின் நிலையை மதிப்பிட்டு, அதற்கான எண்ணை எழுதிய சீட்டோடு மூடிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி. சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியாமல் பணத்தைக் கொடுத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அதிலும் கல்லூரிப் பிள்ளைகள் மாதக் கணக்கில் மிச்சம் பிடித்த பணத்தை இப்படிக் கொடுத்துவிட்டு நிற்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால் இதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

ஹால்மார்க் வேறு, கிரேடு வேறு

தி.நகரில் ஒரு வளையல் வாங்குகிறீர்கள். அதில் 916 என்று முத்திரை இருக்கிறது. அது ஓர் அளவு. ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். எந்த ஆய்வகத்தில் கொடுத்தாலும் அதே விடைதான் வரவேண்டும்.

இப்போது ஒரு காஞ்சிபுரம் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். அது அசல் பட்டா இல்லையா என்பதைச் சோதித்துச் சொல்லிவிடலாம். நெசவு எவ்வளவு நேர்த்தி, நிறம் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதையோ பழகிய கண்தான் சொல்ல வேண்டும். இரண்டு அனுபவசாலிகள் கொஞ்சம் வேறுபட்டும் சொல்வார்கள்.

காசை மதிப்பிடும் நிறுவனங்கள் இந்த இரண்டு வேலையையும் செய்கின்றன. முதலில் காசு அசலா போலியா என்று பார்க்கிறார்கள். அப்புறம் அது எந்த நிலையில் இருக்கிறது என்று ஓர் எண் கொடுக்கிறார்கள். இந்த இரண்டாவது வேலைக்குப் பெயர்தான் கிரேடிங். எண்ணை அச்சிட்ட சீட்டோடு காசையும் வைத்து, திறந்தால் தெரிந்துவிடும்படி ஒட்டி மூடிய கெட்டி பிளாஸ்டிக் பெட்டிதான் ஸ்லாப்.

எண் 1 முதல் 70 வரை. இதை ஷெல்டன் அளவுகோல் என்பார்கள். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-இல், அந்த நாட்டின் பழைய பெரிய செம்புக் காசுகளுக்காக மட்டும் இதை வகுத்தார். 70 என்ற நிலையில் இருக்கும் காசு, 1 என்ற நிலையில் இருப்பதைப்போல 70 மடங்கு விலை பெறும் என்பது அவருடைய கணக்கு. அந்த விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. அதனால் 64 என்பதை நூற்றுக்கு இவ்வளவு என்று படிக்கக்கூடாது. அது ஒரு படியின் பெயர், அவ்வளவுதான்.

60 முதல் 70 வரை எம்.எஸ். என்று குறிப்பார்கள். நாணயச்சாலையை விட்டு வந்தபின் யார் கையிலும் புழங்காத காசு என்று பொருள். 50, 53, 55, 58 ஆகிய நான்கும் ஏ.யூ. என்ற வகை. லேசாகப் புழங்கியது, மேடான இடங்களில் மட்டும் ஒரு துளி தேய்ந்தது. அதற்குக் கீழேயும் படிகள் உண்டு. இந்தக் கட்டுரைக்கு இவை போதும்.

சுருக்கமாக: காசு அசல் என்பது கிட்டத்தட்ட ஹால்மார்க் மாதிரி. எண் என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் சில கண்கள் சொன்ன அபிப்பிராயம்.

1988 மார்க் ஷீட்

இனி பழைய ஸ்லாப் கதைக்கு வருவோம். 1988-இல் பத்தாம் வகுப்பில் 500-க்கு 420 எடுத்தவரை அவர் தெருவே பேசியிருக்கும். இன்று 420 என்றால் பையனுக்கு முன்னாலேயே "இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாம்" என்கிறார்கள். எண் அதேதான். எண்ணுக்குப் பின்னால் இருந்த கை மாறிவிட்டது.

காசு கிரேடிங்கிலும் இப்படித்தான் நடந்தது. பி.சி.ஜி.எஸ். நிறுவனம் 1986-இல் வேலையைத் தொடங்கியது. என்.ஜி.சி. 1987-இல் வந்தது. இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள். தொடக்கத்தில் அவர்களிடம் வந்தவையும் பெரும்பாலும் அமெரிக்கக் காசுகளே. அந்த முதல் சில ஆண்டுகளில் கை ரொம்ப இறுக்கம் என்பது சேகரிப்பாளர்கள் பலரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். அன்று 63 வாங்கிய சில வெள்ளி டாலர்கள் இன்று போனால் 64 வாங்கும். சில 65-கூட வாங்கும்.

இப்படி எண்கள் மெல்ல மெல்ல ஏறுவதை நான் தர வீக்கம் என்றே சொல்வேன். விலைவாசி வீக்கம் போலத்தான் இதுவும். பணத்தின் மதிப்பு இறங்குவதுபோல எண்ணின் மதிப்பு இறங்குகிறது.

எண் ஏன் மேலே மட்டும் போகிறது?

நிறுவனங்கள் வேண்டுமென்றே தாராளமாகிவிட்டன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைவிட எளிமையான காரணம் ஒன்று இருக்கிறது.

மறுமதிப்பீட்டை நினைத்துப் பாருங்கள். விடைத்தாளைத் திருப்பி அனுப்பலாம். மதிப்பெண் ஏறினால் புதியது, குறைந்தால் பழையதே நிற்கும் என்று விதி வைத்துக்கொள்வோம். எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம். பணம் மட்டும் கட்ட வேண்டும். என்ன ஆகும்? 64-க்கும் 65-க்கும் நடுவில் நிற்கும் ஒரு தாள் மூன்று முறை 64 வாங்கும், நான்காவது முறை 65 வாங்கும். அத்தோடு அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். ஆசிரியர் யாரும் தாராளமாகவில்லை. ஆனாலும் பட்டியலில் 65 ஒன்று கூடிவிட்டது.

காசில் இதையேதான் செய்தார்கள். ஸ்லாபை உடைத்து, காசை வெளியே எடுத்து, புதிதாக வந்ததுபோல மறுபடி அனுப்புவது. எண் ஏறும்வரை திரும்பத் திரும்ப. ஒரு படி ஏறினால் விலை மூன்று மடங்காகும் காசுகளில் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. பொறியியல் கட் ஆஃபில் அரை மதிப்பெண்ணுக்குக் கல்லூரியே மாறிப்போவதுபோல, சில காசுகளில் 64-க்கும் 65-க்கும் இடையில் அப்படி ஒரு பெரிய படி இருக்கும். அந்தப் படி எந்தக் காசில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் உடைத்தார்கள்.

இன்னொரு விளைவும் உண்டு. எந்த எண்ணில் எத்தனை காசு இருக்கிறது என்று நிறுவனங்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலில், உடைத்த ஸ்லாபின் பழைய சீட்டைத் திருப்பி அனுப்பாவிட்டால் ஒரே காசு இரண்டு, மூன்று முறை ஏறிவிடும். எனவே "இந்த கிரேடில் இத்தனைதான் இருக்கு" என்று யாராவது பட்டியலைக் காட்டினால், அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் மிச்சம் இருப்பவை எவை?

கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பவர்கள் தாண்டிப்போகும் இடம் இதுதான். என்னைக் கேட்டால் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கை தேர்ந்தவர்கள் பழைய ஸ்லாபுகளைச் சல்லடை போட்டிருக்கிறார்கள். எண் ஏறும் என்று தோன்றியதை எல்லாம் உடைத்துவிட்டார்கள். அப்படியும் ஒரு காசு இன்றுவரை பழைய ஸ்லாபிலேயே இருக்கிறது என்றால் இரண்டு வழிதான். ஒன்று, அது முதலில் வாங்கியவரின் பீரோவிலேயே கிடந்து, அவருடைய பிள்ளைகள் விற்று, இப்போதுதான் வெளியே வருகிறது. இரண்டு, பத்துப் பேர் எடுத்துப் பார்த்து, "இது ஏறாது" என்று கீழே வைத்த காசு அது.

கோயம்பேட்டில் காலை ஐந்து மணிக்கு வரும் கத்தரிக்காயும் சாயங்காலம் கூடையில் மிஞ்சிக் கிடக்கும் கத்தரிக்காயும் ஒரே வண்டியில் வந்திருக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

அதனால் பழைய ஸ்லாபைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, இது எங்கிருந்து வந்தது என்பதுதான். ஒரே குடும்பத்துச் சேகரிப்பிலிருந்து மொத்தமாக வந்தவற்றில் நல்லது கிடைக்க வாய்ப்பு அதிகம். ஐந்தாறு வியாபாரிகள் கை மாறி வந்தது என்றால், அந்த ஐந்தாறு பேரும் பார்த்துவிட்டார்கள் என்று பொருள்.

இதுவரை சொன்னது: முன்பு மதிப்பிட்டவர்களின் கை இறுக்கமாக இருந்தது உண்மை. ஆனால் அதனால் பயன்பெறக்கூடிய காசுகளில் பெரும்பகுதி ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. பழமை ஒன்றை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

காசும் வயதாகிறது

சீட்டில் உள்ள எண் அச்சிட்ட நாளோடு நின்றுவிட்டது. உள்ளே இருக்கும் உலோகம் நிற்கவில்லை.

ஸ்லாப் காற்றுப் புகாத பெட்டி இல்லை. சென்னை மாதிரி ஊரில் இது பெரிய விஷயம். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பி இரண்டே வருடத்தில் என்ன ஆகிறது என்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த உப்புக் காற்றும் ஈரமும் ஸ்லாபுக்குள்ளும் மெல்லப் போகும். வெள்ளி கறுக்கலாம். செம்பில் கரும்புள்ளி விழலாம், பச்சைக் களிம்பு பிடிக்கலாம்.

செம்புக் காசுகளுக்குச் சீட்டில் எண்ணோடு நிறத்தையும் போடுவார்கள். ஆர்.டி. என்றால் அச்சிட்டபோது இருந்த செந்நிறம் அப்படியே இருக்கிறது. ஆர்.பி. என்றால் பாதி பழுப்பு. பி.என். என்றால் முழுப் பழுப்பு. 1990-களில் ஆர்.டி. என்று எழுதிய காசு இன்று உங்கள் கண் முன்னால் பழுப்பாக இருக்கலாம். அப்போது சீட்டு சொல்வதற்கு நீங்கள் பணம் கொடுக்கக்கூடாது, கண் காண்பதற்குத்தான் கொடுக்க வேண்டும். தர வீக்கத்தால் பழைய ஸ்லாபில் கிடைக்கும் லாபத்தை இந்த ஒரு விஷயம் அப்படியே எதிர்த்திசையில் இழுத்துவிடும். செம்பு என்றால் இரண்டு மடங்கு எச்சரிக்கை வேண்டும் என்பது என் கருத்து.

பெட்டிக்குக் கொடுக்கும் பணம்

பி.சி.ஜி.எஸ். முதலில் செய்த சிறிய ஸ்லாபுகளில் சில, ஆட்டினால் உள்ளே காசு கடகடவென்று சத்தம் போடும். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயரும் கிலுகிலுப்பை என்ற பொருளில்தான், ராட்லர். 90-களில் வெளிர்பச்சைச் சீட்டோடு வந்த ஸ்லாபுகளுக்கும் தனி ரசிகர்கள் உண்டு. என்.ஜி.சி. முதன்முதலில் வெளியிட்ட கருப்பு ஸ்லாப் மிகவும் அரிது. உள்ளே சாதாரணக் காசு இருந்தாலும் பெட்டிக்காகவே பெரிய விலை கொடுக்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல். ராட்லர் மலிவு என்று ஊருக்கே தெரிந்தபின் அது மலிவாக இருக்க முடியாது. 63 என்று சீட்டில் இருக்கும், விலை 64-க்கு உரியதாக இருக்கும். ஏறப்போகும் எண்ணுக்கான பணத்தை விற்பவர் முன்கூட்டியே உங்களிடம் வாங்கிவிடுகிறார். ஏறவில்லை என்றால் நட்டம் உங்களுடையது.

அமெரிக்கக் காசுகளில் சி.ஏ.சி. ஒட்டு என்று ஒன்றைப் பார்க்கலாம். என்.ஜி.சி.யைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் அல்பனீஸ் 2007-இல் தொடங்கிய நிறுவனம் அது. ஸ்லாபில் ஏற்கெனவே இருக்கும் எண் சரிதானா என்று மறுபடி பார்த்து ஒட்டும் ஸ்டிக்கர். பச்சை என்றால் அந்த எண்ணுக்கு உறுதியாகத் தகுதியானது. தங்க நிறம் என்றால் அந்த எண்ணுக்கு மேலேயே தகுதியானது. தங்க ஒட்டு பழைய, இறுக்கமான காலத்து ஸ்லாபுகளில்தான் அதிகம் தென்படும். ஆனால் அந்த ஒட்டு விழுந்த கணமே விலையும் ஏறிவிடும். மலிவு என்பது ஒட்டு விழுவதற்கு முன்னால், உங்கள் கண்ணுக்கு முதலில் தெரிந்தால் மட்டும்தான்.

நல்ல வாய்ப்பு எங்கே இருக்கிறது

நான் பார்த்தவரை, ஆரம்பத்தில் இருப்பவர்களுக்குப் பழைய ஸ்லாபில் நிஜமாகப் பயன் தரும் இடம் உயரமான எண்கள் அல்ல. ஏ.யூ. 58 தான்.

ஏன் என்று பாருங்கள். 58 என்பது கிட்டத்தட்டப் புழங்காத காசு. மேட்டில் மட்டும் ஒரு சிறு தேய்வு. சில சமயம் யாரும் செலவு செய்யாமல் மர அலமாரித் தட்டில் வழுக்கி வழுக்கியே வந்த தேய்வாக இருக்கும். எம்.எஸ். 60, 61 என்பவை தேய்வு இல்லாதவை, ஆனால் மூட்டையில் ஒன்றோடொன்று மோதி முகமெல்லாம் காயம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 58 தான் அழகாக இருக்கும், பெரும்பாலும். ஆனாலும் "புழங்கியது" என்ற முத்திரை விழுந்ததால் எண் கீழே. பழைய நாளில் அந்தச் சிறு தேய்வைப் பார்த்தவுடன் 58 போட்டுவிட்டார்கள். அதே மாதிரிக் காசுகள் இன்று 61, 62 என்ற சீட்டோடு வருவதைப் பார்க்கிறோம். பெரிய பணக்காரர்கள் 58-ஐ அவ்வளவாகத் துரத்துவதில்லை. அதனால் சல்லடையில் தப்பியவை இங்கே இன்னும் கிடைக்கின்றன.

நம் ஊரில் கணக்கு வேறு

அமெரிக்கச் சேகரிப்பாளர் எழுதும் யோசனைகளை அப்படியே பின்பற்றினால் நமக்கு ஒரு இடத்தில் உதைக்கும். உடைத்து மறுபடி அனுப்புவது அவருக்குத் தபால் செலவு. நமக்கோ சட்டமே குறுக்கே நிற்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் பழமையான காசு ஒரு தொல்பொருள். அதைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. ஆறாம் ஜார்ஜ் ரூபாய் இன்னும் நூறைத் தொடவில்லை. விக்டோரியா, ஏழாம் எட்வர்டு காசுகள் எல்லாமே தாண்டிவிட்டன. ஐந்தாம் ஜார்ஜில் பெரும்பகுதியும் தாண்டிவிட்டது.

அதனால் 1862 விக்டோரியா ரூபாயைப் பழைய ஸ்லாபில் வாங்கி, மறுபடி அனுப்பி எண்ணை ஏற்றலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. நூறு ஆண்டு ஆகாத காசுக்கும் கட்டணம், கூரியர், காப்பீடு, திரும்பி வரும்போது சுங்கம் என்று சேர்த்தால் பல காசுகளின் விலையையே தாண்டிவிடும். சீட்டில் எழுதியிருக்கும் எண்ணோடுதான் நீங்கள் அதை வைத்திருக்கப் போகிறீர்கள், அந்த எண்ணோடுதான் ஒருநாள் விற்கவும் போகிறீர்கள். எனவே இன்றைய எண்ணுக்கான இன்றைய விலைக்கு, அந்த எண்ணுக்கு மேலே நிற்கும் காசு கிடைத்தால் மட்டுமே அது நமக்கு மலிவு.

ஒரு 1919 ரூபாயைக் கையில் எடுத்து

சென்ற கண்காட்சியில் ஓர் இளைஞர் என்னிடம் ஒரு ஸ்லாபைக் கொண்டுவந்து காட்டினார். 1919, ஐந்தாம் ஜார்ஜ், வெள்ளி ரூபாய். "சார், பழைய ஸ்லாப். எடுக்கலாமா?"

சீட்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளச் சொன்னேன். இது முக்கியம். எண்ணைப் பார்த்துவிட்டால் கண் அந்த எண்ணுக்கு ஏற்றபடி பார்க்கத் தொடங்கிவிடும்.

முதலில் பிளாஸ்டிக். பழைய ஸ்லாபில் கீறல் இல்லாமல் இருக்காது. ஸ்லாபைச் சாய்த்தால், பிளாஸ்டிக் மேல் இருக்கும் கீறல் காசின் மேல் நகர்வதுபோலத் தெரியும். காசின் கீறல் காசோடுதான் இருக்கும். இதைப் பிரித்துப் பார்க்கப் பழகாதவர்கள் நல்ல காசை விட்டுவிடுவார்கள், அடிபட்ட காசை எடுத்துவிடுவார்கள்.

அப்புறம் வெளிச்சம். ட்யூப்லைட் உதவாது. ஒரே ஒரு பல்பின் கீழே மெல்லச் சாய்த்தால், புழங்காத வெள்ளியில் ஒளிக்கீற்று வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போலச் சுழன்று வரும். அச்சு அழுத்தியபோது உலோகம் ஓடிய நுண்ணிய வரிகள் செய்யும் வேலை அது. தேய்ந்த இடத்தில் அந்தக் கீற்று அறுந்துபோகும். அவருடைய ரூபாயில் கீற்று மன்னரின் கன்னத்தைத் தாண்டும்போது ஒரு கணம் மங்கி, மறுபடி வந்தது. கிரீடத்தின் பட்டையிலும் அப்படியே. அங்கியின் மேல் இருக்கும் குட்டி யானை தெளிவாக இருந்தது. (1911 ரூபாயில் இந்த யானையின் தும்பிக்கை சிறியதாகிப் பன்றி மாதிரித் தெரிந்ததால் பெரிய சலசலப்பு ஆகி, 1912-இல் திருத்தினார்கள். அந்த 1911 காசுக்கு இன்றும் பன்றி ரூபாய் என்றே பெயர்.)

பின்பக்கம் திருப்பினார். வெற்றுப் பரப்பில், ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகள், மயிரிழை மாதிரி. நம் வீடுகளில் பூஜை அறையில் இருக்கும் வெள்ளி ரூபாயை விபூதி போட்டுத் தேய்க்கும் பழக்கம் உண்டு. அப்படித் தேய்த்தால் வரும் கோடு இது. இங்கே மிகவும் லேசாக இருந்தது, ஒருவேளை ஒரே ஒரு முறை துணியால் துடைத்ததாக இருக்கலாம். மதிப்பிட்டவர்கள் அதைப் பார்த்து, பொறுத்து, எண்ணில் கழித்திருப்பார்கள்.

"இப்ப நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க" என்றேன். நன்றாக யோசித்துவிட்டு, "58 சார். இல்லேன்னா 61" என்றார். விரலை எடுத்தார். எம்.எஸ். 61 என்று இருந்தது.

சீட்டில் இருந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தோம். ஆண்டும் கிரேடும் பொருந்தின. பழைய ஸ்லாப் என்பதால் புகைப்படம் இல்லை. போலி ஸ்லாப் செய்பவர்கள் அசல் எண்ணையே நகலெடுத்துப் போடுவது உண்டு, எனவே படம் இல்லாத இடத்தில் எண் பொருந்துவது மட்டும் போதாது. ஸ்லாபின் ஒட்டு, சீட்டின் எழுத்து, ஹாலோகிராம் எல்லாவற்றையும் பக்கத்து மேசையில் இருந்த அதே கால ஸ்லாபோடு வைத்துப் பார்த்தோம். அசல்தான்.

அடுத்து விலை. இந்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.67 சதவீதம் வெள்ளி. அதாவது ஏறக்குறைய 10.7 கிராம் வெள்ளி. அதற்குக் கீழே விலை போகாது, அதுதான் தரை. 1919 அரிய ஆண்டு இல்லை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் கோடிக்கணக்கில் அடித்தவை. அதே மேசையில் புது ஸ்லாபில் 62 ஒன்று இருந்தது. கோடு இல்லை, ஒளிக்கீற்று அறுபடவில்லை. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்டார். பழைய 61-க்குத்தான் விலை அதிகம்.

"அண்ணே, இது ஏன் கூட?"

"பழைய ஸ்லாப் தம்பி. அனுப்பினா 63 வரும்."

"நூறு வருஷம் ஆயிடுச்சேண்ணே, எங்கே அனுப்புறது?"

வியாபாரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, புது ஸ்லாபின் விலையில் இருநூறு ரூபாய் குறைத்தார். இளைஞர் 62-ஐ வாங்கி, பைக்குள் இருந்த சிலிகா ஜெல் பொட்டலத்தோடு ஒரு ஜிப் கவரில் போட்டு மூடிக்கொண்டார்.